கோவிந்துவின் நெத்திலிச் சீட்டு

வேலை அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். முட்டி வலி வந்த பிறகுதான் ஞானமும் வரும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு இருபத்தொன்பது வயது. முட்டி நன்றாக இருக்கிறது. நம் மிருக ஆஸ்பத்திரி சித்தூரில் திறக்கும் கிளைக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். திருப்பதியில் என் நாற்காலியைப் பங்கு போட்டுக்கொள்ளப் போகிற மூன்று பேருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்றார் டாக்டரம்மா. ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் உங்களுக்குப் பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கொடுக்காவிட்டால் முதல் வாரத்தில் பூனைகளே சொல்லிக் கொடுத்துவிடும். நான் எழுதப்போவது ஒரு பூனையைப் பற்றியும், அதைப் பட்டினி போட்டே கொல்லப் பார்த்த என்னைப் பற்றியும்.

உங்களுக்கு முதலில் வரும் வேலை கேஸ் ஷீட் எழுதுவது. அதில் நாலாவது வரி, 'உணவு'. பழைய ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். அவற்றை நம்பினால், திருப்பதிப் பூனைகள் எல்லாம் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்கின்றன. புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊரில், தெரியாத ஆளிடம் "எங்க பூனை மீன் தின்னும்" என்று சொல்ல யாருக்கும் நாக்கு வருவதில்லை. நாமும் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அதுதான் இங்கே வழக்கம்.

கோவிந்து வந்தது ஒரு திங்கட்கிழமை. ஆறு கிலோ இருக்கும், வெள்ளையும் மஞ்சளுமாக ஆண் பூனை. சண்டையில் கடிபட்டு வால் அடியில் சீழ் கட்டியிருந்தது. கொண்டு வந்தவர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர். ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அதட்டுவதில் இருந்து ஓய்வு பெறாதவர். ஊரில் எல்லோரும் அவரை 'பிரெசிடென்ட் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கூட அவர் மனைவி. நம்மிடம் தெலுங்கு, தங்களுக்குள் தமிழ்.

"என்ன சாப்பிடும் சார்?" என்றேன் தமிழில்.

"எங்க கோவிந்து ப்யூர் வெஜ். தயிர் சாதம், பால், நெய் விட்ட பருப்பு சாதம். முட்டையைக்கூட மோந்து பாக்காது."

அந்த அம்மா புடவைத் தலைப்பால் பூனையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் பூனையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. வந்தது நெத்திலிக் கருவாட்டு வாசனை. அந்த வாசனையை எனக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டில் பிறந்தவன் நான். தறிச் சத்தத்துக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்தது அதுதான்.

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் என்று எழுதுவதற்குத்தான் இந்தக் காகிதம்.

எங்கள் வீட்டில் அஞ்சாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் முதல் வாரம், அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்தேன். யாரும் திட்டவில்லை. நான்கு பேர் எழுந்தார்கள். ஒருவன் ஃபேனை அஞ்சில் வைத்தான், இன்னொருவன் ஜன்னலைத் திறந்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் டப்பாவிலும் தயிர் சாதம். நானும் ஒரு கேஸ் ஷீட் பூனையாகிவிட்டேன். அப்படிப்பட்டவன், சந்தன வாசனை வீசுகிற பிரெசிடென்ட் சாரிடம் "உங்க பூனை வாயில கருவாடு மணக்குதே" என்று எப்படிச் சொல்வான்? உனக்கெப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டால்?

நாலாவது வரியில் 'தயிர் சாதம்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

டாக்டரம்மா சீழை வெளியேற்றினார். பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. கழுத்தில் பிளாஸ்டிக் காலர். வெளியே விடாமல் ஓர் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம்.

செவ்வாய் காலை அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, கோவிந்து ஒண்ணுமே சாப்பிடல."

"மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும்மா. குமட்டும். சாதத்தோடயே பொடிச்சுக் கலந்து கொடுத்திடுங்க." டாக்டரம்மாவைக் கேட்காமல் நானே சொன்னேன். ஏழு வருட சர்வீஸ் என்றால் சும்மாவா!

மாத்திரை வேப்பங்காய்க் கசப்பு. முன்பெல்லாம் நாலு வாயாவது நக்கிய தயிர் சாதத்தை, அன்று ஒரு வாய் வைத்துவிட்டு நுரை தள்ளியது. அதற்கப்புறம் கிண்ணத்தைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடியது. பூனைக்கு மருந்து வேறு, சோறு வேறு. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் சோறும் எதிரியாகிவிடும். இதைப் புத்தகத்தில் படித்துப் பாஸாகியிருக்கிறேன்.

புதன்கிழமை கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தி, தினம் ஊசியாக மாற்றினார். குமட்டலுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னதன் சாரம் இது: குண்டுப் பூனை மூன்று நாள் தின்னாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைக்கும். அப்புறம் புண் ஆறினாலும் பூனை தேறாது. நாளை மாலைக்குள் தானாகத் தின்னவில்லை என்றால் மயக்கம் கொடுத்துக் கழுத்தில் குழாய் வைக்க வேண்டும். இந்த நிலையில் மயக்கம் தாங்குமா என்று தெரியாது.

"ஏமி பாபு, அது வழக்கமா தின்னுறதத்தான் கொடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். ஷீட்டுல இருக்கு," என்றேன்.

இரண்டாவது தடவை. தெரிந்தே.

வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஊசி போட அவர்கள் வீட்டுக்குப் போனேன். லிஃப்டில் பிரெசிடென்ட் சார் கையெழுத்திட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூன்று மொழியில். 'வளாகத்துக்குள் எங்கேயும் அசைவம் சமைப்பது, குறிப்பாகக் கருவாடு, கண்டிப்பாகத் தடை. மீறுகிறவர்கள் அறையைக் காலி செய்ய நேரிடும்.' அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் இருப்பது ஃபிளாட். அறை என்று ஒன்று இருப்பது வாட்ச்மேனுக்கு மட்டும்தான். பொது அறிவிப்பு என்பது இப்படித்தான் எழுதப்படும்.

சார் மதியத் தூக்கத்தில் இருந்தார். அம்மா காபி கொடுத்தார். கோவிந்து காலரோடு மூலையில் பழைய தலையணை மாதிரி கிடந்தது. ஊசி போட்டதற்குக்கூட அசையவில்லை. நான் பையை மூடும்போது அது தலையைத் தூக்கியது. தள்ளாடி எழுந்து ஜன்னல் கட்டையில் முன்னங்காலை வைத்து, காலர் கம்பியில் முட்ட, மூக்கைத் தூக்கியது. மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்தது.

கீழே, கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இருந்து வாசனை வந்துகொண்டிருந்தது.

மருந்து எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன்.

வாட்ச்மேனின் மனைவி பெயர் செல்வி. குடியிருப்பின் படிகளைப் பெருக்குபவர். என்னைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலை மறைத்து நின்றார்.

"இன்னா வோணும்?"

"அக்கா, மேல மூணாவது மாடிப் பூனை இங்க வருமா?"

"எந்தப் பூனை? நான் பூனையே பாத்ததில்ல."

அறைக்குள் மூலையில், ஒடுங்கிய அலுமினியத் தட்டு ஒன்று. அதன் விளிம்பில் வெள்ளையும் மஞ்சளுமாக நாலு முடி. நான் அதையே பார்ப்பதைப் பார்த்து அவர் காலால் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"அக்கா, நான் பிரெசிடென்ட் ஆளு இல்ல. நகரி. எங்க நைனா தறி ஓட்டறாரு. மேல அது சாவக் கெடக்குது. அது வாயில நெத்திலி வாசன வந்திச்சு. திங்கக்கெழமையே மோந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திங்கக்கெழம மோந்துட்டு, வியாழக்கெழம வரைக்கும் இன்னா புடுங்கிகினு இருந்தே?"

ஏழு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது.

"அந்தக் களவாணியா சாவக் கெடக்குது?" குரல் இறங்கியது. "தெனம் அந்தாளு தூங்கச் சொல்லோ வரும். துன்னும். போவும். நாலு நாளா காணம், வேற எவ வூட்டையோ புடிச்சிட்டான்னு நெனச்சிகினேன். தம்பி, என் பேரு வெளில வரக்கூடாது. போன மாசம் இங்கயே வந்து நின்னு, இன்னொரு வாட்டி நாத்தம் வந்திச்சு, மூட்ட கட்டிக்கோன்னுட்டாரு. பசங்க ரெண்டும் பக்கத்து ஸ்கூல்ல படிக்குது. நான் எங்க போவேன்?"

இப்போது உங்கள் பாலிடெக்னிக் புத்தகத்தைத் திறந்து, இதற்கு எந்தப் பாடத்தில் பதில் இருக்கிறது என்று தேடுங்கள். மேலே சொன்னால் இவருக்கு அறை போகும். சொல்லாவிட்டால் பூனைக்கு உயிர் போகும். நான் படித்தவனாயிற்றே, மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். மூன்றிலும் அதுதான் முட்டாள்தனமானது.

பையில் மூத்திரப் பரிசோதனைக்கு வைத்திருந்த புது டப்பா ஒன்று இருந்தது. அதை நீட்டினேன்.

"கொழம்புல போட்டது வோணாம்," என்றார் செல்வியக்கா. தனியாக எடுத்து வைத்திருந்த நெத்திலியை முள் எடுத்து மசித்துப் போட்டார். "சுடுதண்ணில ஊற வெச்சி மூணு வாட்டி அலசி வேக வெச்சது. அதுக்கு உப்பு ஆவாது. வெங்காயம் பூண்டும் ஆவாது."

அது பூனை வைத்தியத்தில் சரியான விஷயம். "யாருக்கா சொன்னது?"

"ஒரு வாட்டி கொழம்போட ஊத்தினேன். பூரா வாந்தி எடுத்து வெச்சிது. அதுதான் சொல்லிச்சு."

மேலே போய், காலரைக் கழற்றி, டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்தேன். கோவிந்து முதலில் நம்பவில்லை. தயிர் சாதத்தில் ஏமாற்றப்பட்ட பூனை அல்லவா! இரண்டு தடவை மோந்தது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு நக்கியது. பிறகு டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, தொண்டைக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி உறுமிக்கொண்டே தின்றது.

"ஐயோ, சாப்பிடறான்! என்ன மருந்து தம்பி அது?"

"பசி மருந்தும்மா. புதுசா வந்திருக்கு."

"அப்ப ஒரு பாட்டில் கொடுத்துட்டுப் போங்க."

பொய்க்கு ஆயுள் அவ்வளவுதான். அதற்குள் அந்தப் பசி மருந்தின் மணம் ஹாலைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போய்விட்டது. கதவு திறந்தது. பிரெசிடென்ட் சார், தலைமுடி கலைந்து, கண் சிவந்து நின்றார்.

"என்ன நாத்தம் இது? அவ மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா? போன மாசமே சொன்னேன். இன்னிக்கே அவங்களக் காலி பண்ண வைக்கிறேன்." செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றைச் சோபாவுக்கு அடியில் காலால் துழாவினார்.

எனக்கு இருந்த நேரம் அந்த இரண்டாவது செருப்பு கிடைக்கிற வரைக்கும்தான்.

"சார், அது கீழேயிருந்து வரல," என்றேன். "என் கையில இருந்து வருது."

நின்றார்.

"கருவாடு சார். நெத்திலி. நான்தான் எடுத்துட்டு வந்தேன். எங்க வீட்டுல தினம் இதுதான். திங்கக்கிழமை உங்க பூனை வாயிலயும் இதே வாசனைதான் வந்துச்சு. எங்கயோ வெளியில போய்த் தின்னு பழகியிருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெட்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. இது இல்லாமத்தான் நாலு நாளா சாகக் கிடந்துச்சு."

முழு உண்மை இல்லை. டப்பாவில் இருந்தது எங்கள் வீட்டுக் கருவாடு அல்ல. ஆனால் ஹாஸ்டலுக்கு அப்புறம் 'எங்க வீட்டுல தினம் இதுதான்' என்று நான் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பிரெசிடென்ட் சார் ஓரடி பின்னால் போனார். அவர் பார்வை என்னைவிட்டு, நான் காபி குடித்து வைத்த டம்ளரில் போய் நின்றது. அதைக் கவனித்தேன். கவனித்ததை இங்கே எழுதியும் வைக்கிறேன்.

"எங்க கோவிந்து அதெல்லாம் தொடமாட்டான்," என்றார்.

கோவிந்து அப்போது காலி டப்பாவைத் தரையில் உருட்டி உருட்டி நக்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தின்றுவிட்டது என்றேன். எதை என்றார். சொன்னேன். பிறகு, "அப்போ அதையே கொடுக்கச் சொல்லு. சீட்டில் எழுதிக் கொடு. குழாய் வேண்டாம். ஷீட்டைப் பற்றி நீ வந்ததும் பேசலாம்," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்தார்.

"இந்த வீட்டுச் சமையலறையில இது நடக்காது," என்றார் சார்.

பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்: "கீழ செல்விகிட்ட சொன்னா செஞ்சு கொடுப்பா. உப்பு போக அலசி எடுக்கறதெல்லாம் அவளுக்குத் தெரியும்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அவளுக்கு அது தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மதியத்துல நீங்க தூங்கறீங்க. நான் தூங்கறதில்ல," என்றார் அந்த அம்மா. அதோடு அந்த விசாரணை முடிந்தது.

சீட்டு எழுதினேன். 'நெத்திலி, ஊற வைத்து, மூன்று முறை அலசி, வேக வைத்தது. வேளைக்கு இரண்டு ஸ்பூன், இரண்டு வேளை. சூடாக, வாசனையோடு கொடுக்கவும். மருந்து எதையும் இதில் கலக்கக் கூடாது.' அன்று சாயங்காலம் பிரெசிடென்ட் சார் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக எதையோ தரச் சொல்லிக் கேட்பதற்காகக் கீழே போனார். அடுத்த நாள் லிஃப்டில் இருந்த அறிவிப்பின் கீழே பேனாவால் ஒரு வரி கூடியிருந்தது. 'மருத்துவர் சீட்டின் பேரில் சமைப்பதற்கு விலக்கு உண்டு.' அதுவும் மூன்று மொழியில்.

ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்த பூஜையை விவரமாக எழுதத் தேவையில்லை. "உன் வெட்கத்துக்கு என் நோயாளி ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதைக் காத்திருப்பு அறையில், எட்டு நாய்கள், நாலு பூனைகள், அவற்றின் சொந்தக்காரர்கள் முன்னிலையில் கேட்டார்.

கோவிந்து தேறியது. நெத்திலியில் தொடங்கி, அதன் தண்ணீரைத் தெளித்து வேக வைத்த கோழி, மற்ற மீன் என்று பழக்கினோம். பத்தாவது நாள் புண் மூடியிருந்தது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தினோம். பிரெசிடென்ட் சார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்பா, குணமாயிடுச்சு இல்ல? அப்ப அந்த... அதையும் நிறுத்திடலாமா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சீட்டு முடிந்தால் விலக்கு முடியும். விலக்கு முடிந்தால் கீழே அடுப்பு அணையும். நெத்திலிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க என்னிடம் மருத்துவக் காரணம் இல்லை. ஆனால் பூனைக்கு அசைவம் இல்லாமல் முடியாது என்பதற்கு மொத்தப் பாடப் புத்தகமும் காரணம். பேனாவை எடுத்தேன். 'மீன் அல்லது கோழி, தினமும், ஆயுள் முழுவதும். வீட்டில் சமைக்க வசதி இல்லாததால் கீழ் அறையில் சமைத்துத் தரவும்.' டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"ஆயுள் முழுக்கவா?" என்றார் சார்.

"பூனையோட ஆயுள் சார்."

"அதுக்கு இப்ப நாலு வயசு. இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா, இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் தாராளமா இருக்கும் சார்."

அவர் எதையோ மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

ஆக, தம்பிகளே, நாலாவது வரியை எழுதுவதற்கு முன்னால் பூனையின் வாயை மோந்து பாருங்கள். மோந்ததை உடனே சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள். யார் கொண்டு வருகிறார் என்று பார்த்து நம் மூக்கு வேலை செய்யக் கூடாது.

கோவிந்துவின் தடுப்பூசிக்கு இப்போதெல்லாம் செல்வியக்காதான் கொண்டு வருகிறார். கூடையில் துண்டு விரித்து, ஆட்டோவில், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறார். போன மாதம் நான் ஊசி போட்டு முடித்தபோது மேஜைமேல் குனிந்து பார்த்தார்.

"தம்பி, எல்லா ஊசியும் போட்டுட்டியா? எதனா உட்டுப்போச்சா?"

"எல்லாம் சரியா இருக்குதுக்கா."

"இன்னொரு வாட்டி பாத்துடுப்பா. பல்லப் பாரு, காதப் பாரு. போன வாரம் ரெண்டு வாட்டி தும்மிச்சு. எனக்குத் தூக்கமே வரல."

"அவ்வளவு பாசமாக்கா?"

"பாசமாவது ஒண்ணாவது," என்றார் செல்வியக்கா, பூனையின் தாடையைச் சொறிந்துகொண்டே. "சீட்டு இது பேர்ல தான கீது. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க வூட்டுக் கொழம்பு போச்சு."